ஓர் ஆட்டத்துக்கு இரண்டு முடிவுகள்: புள்ளி வித்தியாசப் பந்தயம் குறித்து

விழுப்புரம் மாவட்டம் கெடாரில் காணும் பொங்கலன்று கபடிப் போட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுவடை முடிந்த நிலத்தைச் சமன்செய்து, மண் அடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, நான்கு மூலையிலும் விளக்கு கட்டியாயிற்று. ஒரு பக்கம் ஊர்ப் பையன்கள். எதிர்ப்பக்கம் விழுப்புரத்திலிருந்து வந்த, மாவட்டப் போட்டிகளில் ஆடித் தேறிய அணி. யார் ஜெயிப்பார்கள் என்பதில் கூட்டத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கயிற்றோரம் நிற்கும் பெரியவர் ஒருவர், "விழுப்புரம்தான். ஐந்நூறு ரூபாய் பெட்டு" என்கிறார். பக்கத்தில் நிற்கும் இளைஞன், "தெரிஞ்ச கதைக்கு எதுக்கு மாமா பெட்டு?" என்று நகர்கிறான். மாமா விடவில்லை. "சரி, உனக்கு எட்டு பாயிண்ட் விட்டுத் தரேன். உங்க பசங்க எட்டுக்குள்ள தோத்தாலும் நீ ஜெயிச்ச மாதிரி. வர்றியா?" இளைஞன் நின்றுவிடுகிறான். ஐந்து நிமிடத்துக்கு முன்பு பந்தயமே இல்லாமல் இருந்த இடத்தில் இப்போது பந்தயம் பிறந்துவிட்டது.

அந்த எட்டுதான் இந்தக் கட்டுரையின் பொருள். உலகம் அதைப் பாயிண்ட் ஸ்பிரெட் என்கிறது. இந்த ஒற்றை எண் எப்படி வேலை செய்கிறது, எங்கிருந்து வந்தது, எதைச் சொல்கிறது, யாரை வாழவைக்கிறது, விளையாட்டை என்ன செய்கிறது என்ற ஐந்து கேள்விகளை வரிசையாகப் பார்க்கலாம். பணம் கட்டச் சொல்லித் தருவது என் நோக்கம் அல்ல. கையில் இருக்கும் போன் வழியே இந்தக் கணக்கு ஊருக்குள் வந்துவிட்ட காலத்தில், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பது கெடாரில் இருக்கும் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

கணக்கு நடக்கும் விதம்

ஆட்டம் 39–32 என்று முடிகிறது. விழுப்புரம் ஏழு புள்ளி வித்தியாசத்தில் வென்று கோப்பையை வாங்கிக்கொள்கிறது. கயிற்றோரத்தில் முடிவு வேறு. ஊர்ப் பையன்களின் 32-உடன் எட்டைக் கூட்டினால் 40. அது 39-ஐவிட அதிகம். தோற்ற அணியின் மேல் கட்டிய இளைஞன் ஜெயிக்கிறான். வென்ற அணியின் மேல் கட்டிய மாமா தோற்கிறார்.

ஆட்டம் 40–32 என்று முடிந்திருந்தால்? வித்தியாசம் சரியாக எட்டு. இருவர் பணமும் அவரவரிடமே திரும்பும். தொழிலாகப் பந்தயம் நடத்துபவர்கள் இதைத் தவிர்க்கவே எட்டு என்று வைக்காமல் எட்டரை என்று வைக்கிறார்கள். கபடியில் யாரும் அரைப் புள்ளி எடுக்க முடியாது என்பதால், இரண்டில் ஒரு பக்கம் தோற்றே தீரும். பந்தயப் பட்டியலில் பலமான அணிக்கு நேரே கழித்தல் குறியும், பலவீனமான அணிக்கு நேரே கூட்டல் குறியும் இருக்கும். கழித்தல் எட்டரை என்றால் அந்த அணி குறைந்தது ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் வென்றாக வேண்டும். கூட்டல் எட்டரை என்றால் அந்த அணி எட்டுக்குள் தோற்றாலே போதும்.

இந்தப் பந்தயத்தின் இயல்பு முழுவதும் இங்கேயே தெரிந்துவிடுகிறது. ஓர் ஆட்டத்துக்கு இப்போது இரண்டு முடிவுகள். முதல் முடிவு களத்தில் நிற்கும் பதினான்கு பேருக்கு உரியது. இரண்டாவது முடிவு களத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கு மட்டுமே உரியது.

எண் பிறந்த கதை

பலசாலியின் தோளில் சுமை ஏற்றிப் போட்டியைச் சமமாக்குவது பழைய பழக்கம். குதிரைப் பந்தயத்தில் ஹேண்டிகேப் என்ற முறை உண்டு. நன்றாக ஓடும் குதிரை கூடுதல் எடை சுமக்க வேண்டும். ஓட்டுபவரின் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடு சேர்ப்பார்கள். சென்னை கிண்டியிலும் இந்த முறையில்தான் பல பந்தயங்கள் ஓடின. அங்கே சுமை குதிரையின் முதுகிலேயே ஏறுவதால் பந்தயமே மாறிவிடுகிறது. பாயிண்ட் ஸ்பிரெட்டில் யார் முதுகிலும் எதுவும் ஏறுவதில்லை. ஆடுபவர்கள் வழக்கம்போல் ஆடுகிறார்கள். சுமை கணக்கு நோட்டில் மட்டும் ஏறுகிறது.

இந்த முறைக்கு வடிவம் கொடுத்தவராக அமெரிக்காவின் சிகாகோவைச் சேர்ந்த சார்லஸ் மெக்நீல் என்பவரைச் சொல்கிறார்கள். கணக்கு ஆசிரியராக இருந்து பந்தயத் தொழிலுக்கு வந்தவர். காலம் 1940-கள். அதற்கு முன் பலமான அணியின் மேல் கட்டினால் கொஞ்சம் கிடைக்கும், பலவீனமான அணியின் மேல் கட்டினால் நிறையக் கிடைக்கும் என்ற விகித முறைதான் பெரிதும் நடந்தது. முடிவு முன்பே தெரிந்த ஆட்டங்களில் அந்த முறைக்கு ஆள் சேராது. வித்தியாசத்தின் மேல் பந்தயம் என்றதும் எல்லா ஆட்டமும் விலைபோகத் தொடங்கியது. கெடார் மாமா அந்த ஐந்து நிமிடத்தில் செய்ததும் அதுதான்.

நம் நாட்டில் பந்தயம் பெரிதும் கிரிக்கெட்டைச் சுற்றியே வளர்ந்ததால் இந்தக் கணக்கு வேறு உருவில் வந்தது. புக்கிகள் அதைச் 'செஷன்' என்பார்கள். முதல் ஆறு ஓவரில் எத்தனை ரன் என்பதற்கு 46–47 என்று ரேட் சொல்வார்கள். 47 எடுப்பார்கள் என்று நினைப்பவர் 'எஸ்', 46 வராது என்று நினைப்பவர் 'நோ'. ரன் சரியாக 46-இல் நின்றால் 'எஸ்' சொன்னவரும் தோற்கிறார், 'நோ' சொன்னவரும் தோற்கிறார். அந்த ஒரு ரன் இடைவெளி புக்கியின் கூலி. அணி வென்றதா தோற்றதா என்பது இந்தப் பந்தயத்துக்குத் தேவையே இல்லை.

அந்த எண் எதைச் சொல்கிறது?

இதில் அறிஞர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. வித்தியாச எண் என்பது ஆட்டத்தைப் பற்றிய கணிப்பா, பணம் கட்டுபவர்களின் மனத்தைப் பற்றிய கணிப்பா?

முதல் கட்சிக்குச் சான்று 1991-இல் ஹால் ஸ்டெர்ன் என்ற புள்ளியியலாளர் எழுதிய ஆய்வு. அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் உண்மை வித்தியாசத்தையும் ஸ்பிரெட் எண்ணையும் ஒப்பிட்டார். சராசரியில் இரண்டும் ஒட்டி நின்றன. ஆனால் தனித்தனி ஆட்டங்களில் எண்ணைச் சுற்றிய சிதறல் பெரிது. திட்ட விலக்கம் 14 புள்ளிக்குச் சற்றுக் குறைவு. எளிதாகச் சொன்னால், ஆயிரம் ஆட்டத்தைச் சேர்த்துப் பார்த்தால் எண் சரி. இன்று ராத்திரி நடக்கும் ஒரே ஓர் ஆட்டத்தில் அது எங்கேயும் போகலாம்.

இரண்டாம் கட்சிக்குச் சான்று பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் 2004-இல் வெளியிட்ட ஆய்வு. இரு பக்கமும் சமமாகப் பணம் சேரும்படி எண்ணை வைத்துவிட்டுப் பந்தயம் நடத்துபவர் கமிஷனோடு ஒதுங்கிக்கொள்வார் என்பதே அதுவரை பொதுவான நம்பிக்கை. லெவிட் கண்டது அதுவல்ல. பலமான அணியின் பக்கமே ஜனங்கள் சாய்வார்கள் என்று தெரிந்து, எண்ணை அதற்கேற்பச் சற்றே நகர்த்தி, அந்தச் சாய்விலிருந்தே கூடுதல் லாபம் எடுக்கிறார்கள் என்றார். நமக்குப் பிடித்த அணியின் மேல் நாம் வைத்திருக்கும் பாசம்கூட அந்த எண்ணில் ஏற்கெனவே விலையாகச் சேர்க்கப்பட்டுவிட்டது என்று பொருள்.

நடத்துபவர்கள் அடிவாங்கிய நாளும் உண்டு. 1979 ஜனவரியில் நடந்த பதின்மூன்றாவது சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் பிட்ஸ்பர்க் அணிக்கு முதலில் மூன்றரைப் புள்ளி வைத்தார்கள். பணம் ஒரே பக்கம் குவியவே எண்ணை நாலரைக்கு ஏற்றினார்கள். ஆட்டம் 35–31. வித்தியாசம் நான்கு. முதலில் பிட்ஸ்பர்க்கில் கட்டியவர்களும் வென்றார்கள், பிறகு எதிரணியான டல்லாஸில் கட்டியவர்களும் வென்றார்கள். பந்தயத் தொழிலில் அந்த நாளை இன்றும் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள். நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்த ஒரு நாளையே பேர் சொல்லி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால் அது எவ்வளவு அபூர்வம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. எனக்குத் தெரிந்த விஷயம் எண்ணை வைத்தவருக்குத் தெரியாமல் இருந்தால் மட்டுமே என் அறிவுக்கு மதிப்பு. "எனக்குக் கபடி தெரியும், பத்து வருஷம் ஆடியிருக்கேன்" என்று சொல்லும் இளைஞர் பொய் சொல்லவில்லை. எந்த ரெய்டருக்குக் கணுக்காலில் வலி, எந்த கார்னர் ஆட்டக்காரர் அவசரப்படுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அறிவு யார் ஜெயிப்பார் என்று சொல்ல உதவும். எட்டரைக்கு மேலா கீழா என்று சொல்ல உதவாது. அந்த அறிவையெல்லாம் உறிஞ்சிக் குடித்த பிறகுதான் எட்டரை என்ற எண்ணே வெளியே வருகிறது.

கூலி எங்கே ஒளிந்திருக்கிறது

மாமாவும் மருமகனும் ஐந்நூறுக்கு ஐந்நூறு கட்டினால் நடுவில் யாருக்கும் கூலி இல்லை. தொழில் முறையில் அப்படி இல்லை. அமெரிக்காவில் வழக்கமான கணக்கு, 110 கட்டினால் லாபம் 100. ரூபாயில் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் ஒவ்வொரு முறையும் 110 ரூபாய் வீதம் நூறு முறை கட்டுகிறார். மொத்தம் 11,000. ஐம்பதில் வெல்கிறார், ஐம்பதில் தோற்கிறார். வரவு 5,000. இழப்பு 5,500. சரிபாதி வென்றும் 500 ரூபாய் போய்விட்டது. 52 முறை வென்றால் வரவு 5,200, இழப்பு 5,280. அப்போதும் 80 ரூபாய் நஷ்டம். 53 வென்றால்தான் 130 ரூபாய் கையில் நிற்கும். நூற்றுக்கு 52.38 என்பது கரை. சமமாக்குவதற்கென்றே வைத்த ஓர் எண்ணின் மேல், பாதிக்கு மேல் இரண்டரை சதவீதம் எப்போதும் சரியாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

"நான் நூற்றுக்கு ஐம்பத்தைந்து ஜெயிச்சிருக்கேன்" என்று சொல்பவர் இருக்கத்தான் செய்வார். நூறு பேர் ஆளுக்கு நூறு முறை நாணயம் சுண்டினால், அவர்களில் ஏறத்தாழ 18 பேருக்கு 55 அல்லது அதற்கு மேல் தலை விழும். நாணயம் சுண்டுவதில் திறமை இல்லை என்று நமக்குத் தெரியும். பந்தயத்தில் அதே 18 பேர் தங்களைக் கெட்டிக்காரர்கள் என்று நம்புகிறார்கள். டீக்கடையில் அவர்கள் குரல்தான் கேட்கிறது. மீதி 82 பேர் வாயைத் திறப்பதில்லை.

ஜெயித்துக்கொண்டே விற்பது

இதுவரை சொன்னது பணம் கட்டுபவரின் நஷ்டம். இனி விளையாட்டின் நஷ்டம்.

வெற்றி தோல்வியின் மேல் மட்டும் பந்தயம் இருந்த நாளில் ஆட்டக்காரரை விலைக்கு வாங்க வேண்டுமானால் அவரைத் தோற்கச் சொல்ல வேண்டும். மானம் உள்ள பிள்ளை அதற்கு எளிதில் இணங்க மாட்டான். ஸ்பிரெட் வந்த பிறகு கேட்கும் விதம் மாறியது. "நீ ஜெயி தம்பி. பன்னிரண்டில் ஜெயிக்காதே, ஆறில் ஜெயி." யாரையும் ஏமாற்றவில்லை என்று அவனே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள இதில் இடம் இருக்கிறது.

நியூயார்க் சிட்டி கல்லூரியின் கூடைப்பந்து அணி 1950-இல் நாட்டின் இரண்டு பெரிய கல்லூரிப் போட்டிகளையும் ஒரே பருவத்தில் வென்ற அணி. 1951-இல் அதன் ஆட்டக்காரர்கள் வித்தியாசத்தைக் குறைக்கப் பணம் வாங்கியது வெளியே வந்தது. வேறு பல கல்லூரிகளும் சிக்கின. நம் நாட்டில் 2013 மே மாதம் ஐபிஎல் ஸ்பாட் ஃபிக்ஸிங் வழக்கில் மூன்று ஆட்டக்காரர்களை டெல்லி போலீஸ் கைதுசெய்தபோது எழுந்த குற்றச்சாட்டும் இதே சாயலில்தான் இருந்தது. ஆட்டத்தைத் தோற்க வேண்டாம், ஒரு ஓவரில் இத்தனை ரன் விட்டால் போதும் என்பதே அது. அந்த ஆண்டுப் பந்தய விவகாரத்தின் தொடர்ச்சியாக, 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளின் நிறுவனங்களை இரண்டு ஆண்டுகள் விலக்கி வைத்தது. அந்த இரண்டு கோடையும் சென்னை ரசிகர்கள் அணி இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

எத்தனை ஆட்டங்கள் இப்படி விலைபோகின்றன என்பதிலும் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை இல்லை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மிகப் பலமான அணிகள் வெல்கின்றன, ஆனால் எதிர்பார்த்த வித்தியாசத்தைக் கொஞ்சத்தில் தவறவிடுகின்றன என்று ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் 2006-இல் காட்டி, அத்தகைய ஆட்டங்களில் ஏறத்தாழ 6 சதவீதத்தில் முறைகேடு இருக்கலாம் என்றார். 2010-இல் பெர்ன்ஹார்ட், ஹெஸ்டன் இருவரும் இதை மறுத்தார்கள். பந்தயத்துக்கு வாய்ப்பே இல்லாத ஆட்டங்களிலும் அதே போக்கு தெரிகிறது. முன்னிலையில் இருக்கும் அணி கடைசியில் நிதானமாக ஆடுவது இயல்பு என்றார்கள்.

கபடி பார்ப்பவர்களுக்கு இந்த மறுப்பு உடனே விளங்கும். ஆறு புள்ளி முன்னிலையில், ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ரெய்டர் என்ன செய்வார்? கோட்டைத் தாண்டிப் போய், முப்பது விநாடியையும் கழித்து, யாரையும் தொடாமல் திரும்பி வருவார். அது கோழைத்தனம் அல்ல, சரியான ஆட்டம். அதே இரண்டு நிமிடத்தில் எதிரணி ஓர் ஆல் அவுட் எடுத்தால் ஆட்டப் புள்ளியோடு கூடுதலாக இரண்டு சேர்ந்து வித்தியாசம் சட்டென்று சுருங்கிவிடும். புரோ கபடி லீக்கில் பல பருவங்களாக வெற்றிக்கு 5 புள்ளி, ஏழு அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் 1 புள்ளி என்ற விதி இருந்தது. தோற்பது உறுதியான அணியும் கடைசி விசில்வரை ஏழுக்குள் வரப் போராடியது. அந்த விதியில் வித்தியாசம் ஆட்டக்காரருக்குச் சொந்தம். அதற்காக அவர் வெளிப்படையாக உழைத்தார். பந்தயம் வைக்கும் எட்டரையில் அவருக்குப் பங்கில்லை.

நிதானமாக ஆடுவதும் விலைக்கு ஆடுவதும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் இதில் மிகப் பெரிய துயரம். கிராமத்திலிருந்து மேலே வந்த ஒரு பையன் கடைசி ரெய்டில் சும்மா திரும்பி வந்ததற்காக அவனைச் சந்தேகப்படும் நாள் வந்தால், அந்த அவமானத்துக்கு யார் ஈடு கொடுப்பார்கள்?

சட்டம் நிற்கும் இடம்

அரசமைப்புச் சட்டம் பந்தயத்தையும் சூதாட்டத்தையும் மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம் அடிப்படை. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-இல் மாநிலம் சட்டம் இயற்றியது. 1996-இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையின் பாற்பட்டது என்று தீர்ப்பளித்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் பின்னாளில் இணைய விளையாட்டு நிறுவனங்களும் வாதாடின.

இணையச் சூதாட்டம் குறித்து மாநில அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு தமிழ்நாடு கொண்டுவந்த இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் பந்தயம் கட்டுபவருக்கு மூன்று மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். நடத்துபவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை அல்லது 10 லட்சம்வரை அபராதம் அல்லது இரண்டும். அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் அந்தத் தடையிலிருந்து விலக்கி, சட்டத்தின் மற்றப் பகுதியை ஏற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த டிரீம்11 உடனே பணப் போட்டிகளை நிறுத்தி, அந்த விளம்பரத்திலிருந்தும் விலகியது.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2016 ஜனவரியில் லோதா குழு கிரிக்கெட் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கலாம் என்று பரிந்துரைத்தது. தடையை நடைமுறைப்படுத்த முடியாவிட்டால் ஒழுங்குபடுத்துவதே வழி என்று 2018-இல் சட்ட ஆணையத்தின் 276-ஆவது அறிக்கையும் சொன்னது. தடை போட்டால் பந்தயம் மறைவிடத்துக்குப் போகும் என்பது அவர்கள் கவலை. அது வெறும் கற்பனை அல்ல. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடைசெய்யப்பட்டது. பதினாறு ஆண்டு கழித்து, 2019 டிசம்பரில், விழுப்புரத்தில் கள்ள லாட்டரியில் பணத்தை இழந்த ஒரு குடும்பம் குழந்தைகளோடு மாண்டது. சட்டப் புத்தகத்தில் இல்லாமல் போன லாட்டரி மூன்று நம்பர் சீட்டாகத் தெருவில் இருந்தது.

அதற்காகத் தடையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏழை வீட்டுப் பணத்துக்கு முன்னால் ஒரு கதவாவது சாத்தியிருக்க வேண்டும். ஆனால் கதவு மட்டும் போதாது. திறமை இருக்கிறதா என்று நீதிமன்றங்கள் கேட்டது சரிதான். நாம் கேட்க வேண்டியது, அந்தத் திறமைக்குக் கூலி கிடைக்கிறதா என்பது. மேலே போட்ட கணக்கில் அந்தக் கூலி எண்ணை வைத்தவர் வீட்டுக்கே போகிறது.

வகுப்பறையில் ஒரு மணி நேரம்

திருக்குறளில் சூது 94-ஆவது அதிகாரம். அதற்கு முன்னால் கள்ளுண்ணாமை, அதற்குப் பின்னால் மருந்து. போதைக்கும் வைத்தியத்துக்கும் நடுவில் சூதை வைத்திருக்கும் அந்த வரிசை எனக்கு எப்போதும் அர்த்தமுள்ளதாகப் படுகிறது. பந்தயத்தில் சிக்கியவரைத் திட்டுவதைவிட வைத்தியம் பார்ப்பதே முறை. மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் அரசின் டெலிமானஸ் சேவை இருக்கிறது. கூச்சப்படாமல் கூப்பிடலாம்.

சிக்காதவர்களுக்கு நான் கேட்பது கணக்கு வகுப்பில் ஒரே ஒரு மணி நேரம். நாற்பது பிள்ளைகள் ஆளுக்கொரு நாணயத்தை நூறு முறை சுண்டட்டும். தலை விழுந்தால் நோட்டில் வரவு 10, பூ விழுந்தால் செலவு 11. மணி அடிக்கும்போது பன்னிரண்டு பேர் அளவில் லாபத்தில் இருப்பார்கள். அவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, எப்படி ஜெயித்தாய் என்று ஆசிரியர் கேட்கட்டும். ஒரு பிள்ளைக்காவது பதில் வருகிறதா பார்க்கட்டும். பிறகு நாற்பது நோட்டையும் சேர்த்துக் கூட்டினால், சராசரியாக 2,000 அளவுக்கு வகுப்பே நஷ்டத்தில் நிற்கும். அந்த 2,000 யாரிடம் போனது என்ற கேள்வியை ஆசிரியர் கரும்பலகையில் எழுதினால் போதும்.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி இறுதியாட்டத்தை 26–25 என்று ஒரே ஒரு புள்ளியில் வென்றார்கள். ஆண்கள் 33–29 என்று நான்கு புள்ளியில் வென்றார்கள். ஒரு புள்ளிக்குக் கிடைத்ததும் தங்கம், நான்கு புள்ளிக்குக் கிடைத்ததும் தங்கம். கெடார் மைதானத்திலும் பலகையில் 39–32 என்று எழுதியதோடு ஆட்டம் முடிந்துவிட வேண்டும். தோற்ற ஊர்ப் பையன்கள் 32 எடுத்தார்கள். அது அவர்கள் எடுத்தது. அதோடு எட்டைக் கூட்ட வெளியே நிற்கும் யாருக்கும் உரிமை இல்லை.